கம்ப்யூட்டரில் வைத்த ஆடி அழைப்பு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்து வெளியே போகும் சரக்கில் பாதி என் முதுகில்தான் போகிறது என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். இரும்போ கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, எதுவானாலும் அடியில் ஒரு மரத் தட்டு வேண்டும். ஃபோர்க் லிஃப்டின் இரண்டு கரமும் அதற்குள் நுழைந்து சரக்கைத் தூக்க வேண்டும். அந்தத் தட்டுக்குப் பேலட் என்று பெயர். நாலாங் கிளாஸோடு நின்றவன், கூலிக்கு ஆணி அடிக்கப் போனவன், சொந்தக் கொட்டகை, சொந்த ரம்பம், சொந்த வண்டி என்று வந்துவிட்டேன். யாரிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். அந்தப் பழக்கம் ஒரு ஆடி மாதத்தில் என் மகளின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஒரே மகள். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படித்தாள். படிக்க வைத்தவன் நான். பரீட்சை எழுதியது மட்டும் அவள். வைகாசியில் திருவள்ளூர் மணவாள நகரில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை காலையில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ரயிலேறித் திரும்புகிறவர். நல்ல பிள்ளை. சம்பந்தி ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். தராசில் நிறுத்துப் பேசுவார். நான் ஒரு மணி நேரம் பேசினால் கடைசியில் "சரி" என்பார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று வீடு வந்து சேரும்வரை யோசிக்க வேண்டியிருக்கும்.

தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்களில் வழக்கம். பேலட் ஏற்றுகிற குட்டியானை வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து எடுத்துக்கொண்டு மனைவியோடு போனேன். மகள் புடவைப் பையை வண்டியில் போட்டாள். கம்ப்யூட்டர் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கட்ன பொடவைய மூட்ட கட்டிப் போட்டுட்டு இத கொழந்த மாதிரி வெச்சிக்கினு வர்றியே" என்றாள் என் மனைவி.

"பொடவ கசங்குனா அயன் பண்ணலாம்மா. இது ஒடஞ்சா இன்னா பண்றது?"

கிளம்புகிற நேரத்தில்தான் சம்பந்தியம்மா விஷயத்தை எடுத்தார். மகள் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. அவள் டெலிபோன் வயரை அதில் மாட்டிவிட்டால் வீட்டுக்கு வேறு போன் வருவதில்லை. சம்பந்தியம்மா தன் தங்கச்சியோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. இதற்குப் பதில் பேங்க் பரீட்சைக்குப் படித்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஆடி முடியட்டும். அதுக்குள்ள அது ஒழுங்கா ஓடுதான்னு நானே பார்க்கறேன். ஓடினா இங்கே தனி லைன் போட்டுக்கலாம், அவ செய்யட்டும். ஓடலேன்னா மூடி வெச்சுடணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்டி இன்னாம்மா வேல அது?"

சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சாட் என்று ஒன்று இருக்கிறது. இங்கே தட்டினால் அங்கே எழுத்தாக விழும். வெளிநாட்டில் ஒரு பெரிய கம்பெனி அப்படி ஒரு வலை போட்டு உலகத்தையே பேச விட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனி கொடுக்கிற சாஃப்ட்வேரில்தான் பேச வேண்டும். அது இவர்களுக்குப் பிடிக்கவில்லை. இவர்கள் என்றால், எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். எந்த வலையிலும் பேசுகிற மாதிரி ஒரு சாஃப்ட்வேரை இவர்களே சேர்ந்து செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே திறந்து பார்க்கலாம், பழுது பார்க்கலாம். இப்போது அந்தக் கம்பெனி திடீரென்று தன் பேச்சு முறையை மாற்றிவிட்டது. இவர்கள் சாஃப்ட்வேரை உள்ளே விடமாட்டேன் என்கிறது. அந்தப் புது முறைக்கு ஏற்ற மாதிரி எழுதித் திரும்ப உள்ளே போக வைக்கிற பொறுப்பை என் மகள் எடுத்திருக்கிறாள். அந்தப் பேச்சு முறைக்குப் புரோட்டகால் என்று பெயர்.

"புது மொற இன்னான்னு அந்தக் கம்பெனி சொல்லுமா?"

"சொல்லாது நைனா. அவுங்க சாஃப்ட்வேர் இன்னா அனுப்புது, அதுக்கு இன்னா திரும்பி வருதுன்னு நாமதான் ஒவ்வொன்னா பாத்துக் கண்டுபுடிக்கணும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பெரிய கம்பெனிகள் புது ஃபோர்க் லிஃப்ட் வாங்கிவிட்டுப் பேலட் அளவை மாற்றிவிடும். எனக்குச் சொல்லாது. பழைய அளவில் அடித்துக்கொண்டு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பும். நான் என்ன செய்வேன்? வெளிநாட்டில் இருந்து சரக்கோடு வந்த பேலட்டை மதிலோரம் வீசியிருப்பார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அதை அளந்து, மறுநாள் அதே மாதிரி அடித்துக் கொடுப்பேன்.

"கிட்டத்தட்ட அதேதான்" என்றாள் மகள்.

விட்டேனா? என் மகள் என் தொழிலைத்தான் கம்ப்யூட்டரில் செய்கிறாள் என்று மறுநாள் டீக்கடையில் இருந்து டயர் கடைவரை சொல்லிவிட்டேன். "எவ்ளோ டப்பு வர்து?" என்று டயர் கடைக்காரர் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் வண்டிக்குக் காற்றடிக்கச் சொன்னேன்.

கம்பெனிகள் ஆர்டரை மெயிலில் அனுப்ப ஆரம்பித்த காலம் என்பதால் எங்கள் வீட்டில் பிராட்பேண்டு போட்டிருந்தேன். இந்த முனையில் மகள், அந்த முனையில் மணவாள நகரில் தன் பழைய கம்ப்யூட்டரோடு மாப்பிள்ளை. அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் இருவரும் அனுப்பி அனுப்பிப் பார்ப்பார்கள். ஆடியில் புருஷன் பெண்டாட்டி பிரிந்திருக்க வேண்டும் அல்லவா? பேசலாமா கூடாதா என்று என் மனைவியிடம் கேட்டேன். "பேசலாம், ரொம்பப் பேசக்கூடாது" என்றாள். ரொம்ப என்பது எதுவரை என்று பார்ப்பதற்காக நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. நீளமாகப் போகிறதா என்று பார்க்க, அந்த சாஃப்ட்வேரோடு வருகிற சட்டதிட்டப் பத்திரம் முழுவதையும் எடுத்து அனுப்பினாள். பக்கம் பக்கமாக அந்த முனையில் ஒரு எழுத்து குறையாமல் போய் விழுந்தது. பிறகு தமிழில் தட்டினார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'சாப்ட்டியா?'

'ம். வெண்டைக்காய்ப் பொரியல்.'

"இது இன்னா டெஸ்டு?" என்றேன்.

"தமிழெழுத்து ஒழுங்கா போவுதான்னு பாக்கறோம் நைனா."

"வெண்டக்காயிலதான் போவுமா? வேற எதுலயும் போவாதா?"

அந்தப் பக்கம் மாப்பிள்ளை தட்டினார்: 'மாமா பக்கத்தில் இருக்கிறாரா?'

மகள் பதில் தட்டினாள்: 'டெஸ்டிங் சூப்பர்வைசர் டூட்டியில் இருக்கிறார்.'

அதன் பிறகு மாப்பிள்ளை இரண்டு வார்த்தைக்கு மேல் தமிழில் எழுதவே இல்லை. பின்னால் வந்த வம்புக்கு அதுவும் ஒரு காரணம் என்று மகள் இன்றைக்கும் சொல்வாள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

எழுதி முடித்ததை அந்த ஆட்களின் தலைவருக்கு அனுப்பினாள். ஏதோ குளிர் நாட்டில் இருக்கிறவர். அவர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இந்த மாதம் வெளியே விடப்போகிற புதுப் பதிப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். மகள் அன்றைக்கு வாசலில் பெரிய கோலமாகப் போட்டாள். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரன் நல்லாருக்குன்னாதான் நம்மூட்ல கோலம் உழுவுது" என்றாள்.

பதினெட்டாம் பெருக்கு நெருங்கியது. அன்றைக்கு மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டாரையும் விருந்துக்கு அழைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைப்பதுதான் முறை. ஆனால் ஆடியில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குப் போவது என்றால் சாதாரணம் இல்லை. பவானியம்மனுக்கு வருகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். கொட்டகையிலோ அவசர ஆர்டர். இரண்டையும் மனைவியிடம் சொன்னேன். மூன்றாவது காரணத்தை நான் சொல்லாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தப் பக்கத்துலயே கம்ப்யூட்டர்ல சம்பந்தியக் கூப்ட்ட மொத ஆளு நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியணும். அதானே?"

"அதுல இன்னா தப்பு? பொண்ணு செஞ்ச சாமான்ல அப்பன் மொதல்ல அனுப்பணும். சம்பந்தியும் அது ஓடுதான்னு பாத்துக்குவாரு."

"யோவ், மொத ஆளா அசிங்கப்படப் போறதும் நீதான்."

மகளைத் தட்டச் சொல்லி நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மரியாதையில் குறை வைக்கக்கூடாது அல்லவா? 'மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல் என்று எழுதி, மழை பெய்ததா என்று விசாரித்து, சம்பந்தியம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டு, பிறகு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்தேன். கூலிக்குப் போனது, முதல் கொட்டகை காற்றில் பறந்தது, இரண்டாவது கொட்டகைக்கு நானே ஓடு போட்டது, இப்படி.

"நைனா, கூப்புடறத மொதல்ல சொல்லிடலாமே" என்றாள் மகள்.

"இன்னாம்மா பேசற? ஒருத்தர் ஊட்டு வாசல்ல நின்னதுமே வந்த காரியத்த சொல்றதா? மரியாத இல்ல. கடைசிலதான் வரணும். ஒரு எழுத்து உடாம போடு."

ஒரு எழுத்து விடாமல் போட்டாள். கடைசியில், தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்து விருந்துண்டு எங்களைக் கௌரவிக்க வேண்டும் என்று முறையாக அழைப்பை வைத்து முடித்தேன். நானே பொத்தானை அழுத்தி அனுப்பினேன்.

மாப்பிள்ளை அப்போது ஆபீசில் இருந்தார். சம்பந்தி அவர் சொல்லிக் கொடுத்தபடி கம்ப்யூட்டரைப் போட்டுத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். பதில் வந்தது.

'படித்தேன். மகிழ்ச்சி.'

அவருக்கு அதுவே அதிகம். நான் டீக்கடைக்குப் போய் நின்றவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

பெருக்குக்குச் சில நாள் இருக்கும்போது என் மனைவி மணவாள நகருக்குப் போன் செய்தாள். சம்பந்தியம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகுமா ஆகாதா என்று கேட்கத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எங்கே வரது சம்பந்தி? யாராவது கூப்பிட்டாத்தானே வரதுக்கு?"

"இவரு கம்ப்யூட்டர்ல கூப்ட்டாரே!"

"கம்ப்யூட்டர்ல அவர் பெருமைய எழுதியிருந்தாரு. வீட்டுக்காரர் ரெண்டு தடவை படிச்சாரு. எங்களை வாங்கன்னு அதுல ஒரு வரி இல்லே. போகட்டும். ஆடி அழைப்பு பத்தி ஒரு பழமொழி சொல்லுவாங்க. எனக்கு அதெல்லாம் வாய்ல வராது."

அந்தப் பழமொழி வாயில் வரவே வேண்டியதில்லை. ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் பிடித்து எதால் அடிக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா எழுதுன நீ?"

சத்தியமாக எழுதினேன் என்றேன். மகளும் சாட்சி சொன்னாள். மாலையில் மாப்பிள்ளை வந்ததும், அங்கே வந்து சேர்ந்ததை அப்படியே எடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னாள். அது வந்தது. மரியாதை இருந்தது, மழை இருந்தது, முழங்கால் இருந்தது, கொட்டகை பறந்தது. 'அன்று என் பேலட்டைத் தூக்கிப் பார்த்துக் கம்பெனி மேனேஜரே எழுந்து நின்று கைத' என்ற இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். அதோடு சரி. மேனேஜர் இன்னும் கைதட்டி முடிக்கவில்லை. விருந்து அழைப்பு எங்கேயும் இல்லை.

மகள் வேகமாகத் தட்டினாள்: 'பாதியில் நின்றிருக்கிறதே, உங்களுக்குத் தோன்றவில்லையா?'

பதில் வந்தது: 'மாமா எப்போதும் இப்படித்தானே பேசுவார் என்று நினைத்தேன்.'

என் மனைவி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுது நைனா."

எழுதியதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குச் சொன்னாள். ஒரு தடவைக்கு இவ்வளவு பாரம்தான் ஏற்றலாம் என்று அந்தக் கம்பெனி வைத்திருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் பிரித்து இரண்டு மூன்று நடையாக அனுப்ப வேண்டும். இவள் பாரத்தைப் பார்க்காமல் எழுத்தை எண்ணியிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்துக்கு எண்ணிக்கையும் பாரமும் ஒன்று. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று மடங்கு பாரம். என் அழைப்பு எண்ணிக்கைக்கு ஒரே நடையில் அடங்கிவிட்டது, பாரத்துக்கு அடங்கவில்லை. கம்பெனி தாங்கிய அளவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை இறக்கிவிட்டது.

"காஞ்ச கட்டையும் ஈரக் கட்டையும் எண்ணிக்கைல ஒன்னு. செக்போஸ்ட்ல தெரியும்" என்றேன்.

"இப்ப அது வேணாம் நைனா" என்றாள்.

வேண்டாம்தான். சம்பந்தி வைத்த பரீட்சையே இதுதானே? அது ஒழுங்காக ஓடுகிறதா என்று அவர் தன் கண்ணால் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்தது இந்த ஒரே ஒரு அழைப்பைத்தான். அது வெட்டுப்பட்டது என்று சொன்னால் மகளின் வேலையை மூடிவிடுவார். வெட்டுப்படவில்லை என்றால் நான் சம்பந்தியை அழைக்காமல் பெருமை மட்டும் அடித்தவன் ஆகிவிடுவேன். குளிர் நாட்டுக்காரர் வேறு அந்த வாரமே புதுப் பதிப்பை விடப்போவதாக எழுதியிருந்தார்.

என் மனைவிதான் வழி சொன்னாள். "நீ மறந்துட்டேன்னு சொல்லிடு. எல்லாரும் நம்புவாங்க. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

மறந்துவிட்டேன் என்று நான் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. எந்தக் கம்பெனிக்கு எந்த அளவு, எந்தக் கட்டையில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இருந்தாலும் மகள் முகத்தைப் பார்த்தேன். "சரி. வெத்தல பாக்குத் தட்ட எடு" என்றேன்.

மகள் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குட்டியானையில் கிளம்பினோம். மகள் வரக்கூடாது, ஆடி. பெரியபாளையத்தில் நினைத்தது போலவே வண்டி நின்றுவிட்டது. வேப்பிலை கட்டிக்கொண்ட பெண்கள் வண்டியின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். என் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"எங்க, சொல்லு."

"மறந்துட்டேன் சம்பந்தி."

"அதுக்கு மேல?"

"ஒன்னும் இல்ல."

"அதான். பேலட்டுன்னு ஒரு வார்த்த வந்துது, நான் அங்கியே எழுந்து வந்துடுவேன்."

மணவாள நகரில் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். சம்பந்தி ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். தட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சம்பந்தி, தப்பு என்னுது. எழுதிக்கினே போனேன். உங்கள வாங்கன்னு கூப்ட மறந்துட்டேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவிக்கே ஆச்சரியம்.

சம்பந்தி எழுந்து என்னைக் கம்ப்யூட்டரிடம் அழைத்துப் போனார். திரையில் வரிசையாகக் குட்டிக் குட்டி வரிகள் நின்றன. நாங்கள் பெரியபாளையத்தில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் இவருக்குப் போன் செய்து கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி அனுப்பியவை.

'மாமா, நைனா உங்களை அழைத்திருந்தார்.'

'நான் எழுதிய புரோகிராம் பின்பாதியை விட்டுவிட்டது.'

'தப்பு என்னுடையது.'

'நீளமாக அனுப்பினால் மறுபடி வெட்டும். அதனால் துண்டு துண்டாக அனுப்புகிறேன்.'

அதற்குக் கீழே என் அழைப்பின் மீதி, வரி வரியாக. மேனேஜர் கைதட்டி முடித்திருந்தார். விருந்துண்டு கௌரவிக்கவும் சொல்லியிருந்தது.

"நீங்க கூப்பிட்டீங்கன்னு உங்க பொண்ணு சொல்றா. கூப்பிடலேன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றது?" என்றார் சம்பந்தி.

"பொண்ண நம்புங்க" என்றாள் என் மனைவி, அடுத்த மூச்சிலேயே. "இவரு நான் சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சாரு."

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பந்தி சிரிக்கவில்லை.

"அப்போ அது ஒழுங்கா ஓடலே."

"ஓடல" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அந்தத் தலைவருக்கு இது தெரியுமா?"

அதுவும் திரையிலேயே இருந்தது. காலையில் அவருக்கும் எழுதிவிட்டாளாம். தமிழில் நீளமாக எழுதினால் வெட்டுகிறது, சரி செய்யும்வரை என் பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று. சேர்க்காமலே பதிப்பை விடுகிறோம், சரி செய்து அனுப்பு, அடுத்ததில் பார்க்கலாம் என்று அவரும் எழுதிவிட்டார்.

சம்பந்தி திரும்பவும் ஈஸி சேரில் போய் உட்கார்ந்தார். மகள் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் பேங்க் புத்தகம் படிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"பார்சல் ஆபீஸ்ல பெட்டி உடையும்" என்றார் அவர் கடைசியில். "உடைஞ்சா, வரும்போதே அப்படித்தான் இருந்துதுன்னு எழுதிடுவோம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். நானும் எழுதியிருக்கேன்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி செய்யச் சொல்லுங்க. ஆடி இன்னும் இருக்கே."

"சரி பண்ணிடுவா சம்பந்தி. என் ரத்தம்." மனைவி என்னை முறைத்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"செஞ்சது சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பா? அவ புருஷன் நாலு வார்த்தைக்கு மேல எழுத மாட்டேங்கறான்." சம்பந்தி என்னைப் பார்த்தார். "தமிழ்ல நீளமா, விஷயத்துக்கு வராம எழுதற ஆள் வேணும்."

அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பெருக்கன்றைக்கு எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சம்பந்தியம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகும் என்று தெரிந்தது. அதற்குள் மகள் சரி செய்து முடித்திருந்தாள். மறுநாளில் இருந்து நான் காலை நாஷ்டா முடிந்ததும் கொட்டகைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அவள் தட்டினாள். முதல் கொட்டகை, இரண்டாவது கொட்டகை, ரம்பம் வாங்கிய கதை, எல்லாம் நடை நடையாகப் பிரிந்து மணவாள நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே இருந்து பதில் வந்தது பாருங்கள், அதுதான் வேடிக்கை. வாயைத் திறந்தால் சரி என்று ஒரு சொல் சொல்கிற மனிதர், தட்ட உட்கார்ந்ததும் ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி வந்தார். எந்த ஸ்டேஷனில் எந்த மழையில் எத்தனை மாம்பழக் கூடை நனைந்தது என்பதுவரை எழுதினார். அவர் எழுதியதில்தான் இன்னொரு கோளாறும் வெளியே வந்தது. பிரித்து அனுப்பிய நடைகளில் பின்னால் கிளம்பியது சில நேரம் முன்னால் வந்து நின்றது. ஒரு நாள் சம்பந்தி முதலில் ரிட்டையர் ஆகி, மாலை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு அதையும் சரி செய்தாள்.

"யோவ், அவரு உன்ன விட நல்லா எழுதறாருய்யா" என்றாள் என் மனைவி. மாம்பழக் கூடை நனைந்த கதையை அவள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். என் கொட்டகை பறந்த கதையை ஒரு தடவைகூட கேட்டதில்லை.

குளிர் நாட்டுக்காரர் அடுத்த பதிப்பில் அவள் எழுதியதைச் சேர்த்துக்கொண்டார். அது ஆவணிக்குப் பிறகு நடந்தது. ஆடி முடிந்து மகளைக் கொண்டுபோய் விட்ட நாளில் அது இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. குட்டியானை போய் மணவாள நகர் வாசலில் நின்றபோது எனக்குப் பயம்தான்.

சம்பந்தி வாசலுக்கு வந்தார். மகளைப் பார்த்தார், மடியில் இருந்த பெட்ஷீட் மூட்டையைப் பார்த்தார்.

"அதை என் கையில குடும்மா. பார்சல் இறக்க எனக்குத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பின்னாலேயே போனோம். ஜன்னலோரம் ஈஸி சேர் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேசை போட்டிருந்தது. சுவரில் புதிதாக ஒரு வயர் இறங்கியிருந்தது.

"அவர் நாற்காலியத் தூக்கி நடு ஹால்ல போட்டுட்டார். தினமும் நான் முட்டிக்கறேன்" என்றார் சம்பந்தியம்மா. "தனி லைனாம். போகட்டும், எனக்கு என் போன் திரும்ப வந்தாச்சு."

மாப்பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையோடு உள் அறை வாசலில் நின்றிருந்தார். மகள் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்திருப்பாள்.

"இங்கே வாம்மா, இந்த வயர் எதுல மாட்டறது?" என்று கூப்பிட்டார் சம்பந்தி. "நேத்தே ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். நீளமானது. இந்தப் புது லைன்ல போகுதான்னு பார்த்துடலாம்."

மகள் எங்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மேசை முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

மாப்பிள்ளை மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாமா, ஆடி முடிஞ்சுதா இல்லையா?"